கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு மெட்ரோ தண்ணீருக்கு மாறலாமா? பெரம்பூர், வாடகை வீடு

பெரம்பூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரில் ஆறு வீடுகள் உள்ள பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், மாமியார், மூன்றரை வயதுப் பையன். இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது, வந்த நாளிலிருந்து குடிக்க, சமைக்க எல்லாமே 20 லிட்டர் கேன்தான். கேன் 35 ரூபாய், மாடிக்குத் தூக்கி வர 5 ரூபாய், மாதம் 16 கேன் ஆகிறது.

போன மாதம் பையனுக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. டாக்டர் முதலில் கேட்டதே என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்றுதான். கேன் தண்ணீர் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எதுவாக இருந்தாலும் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் பச்சையாக நூல் போல ஏதோ மிதக்கிறது. கேன் போடும் பையனிடம் காட்டினேன். "வெயில்ல நின்னிருக்கும்க்கா, வேற தரேன்" என்று மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் விஷயம் அவனுக்கு.

மாமியார் புளியந்தோப்பில் அடிபம்பு தண்ணீர் குடித்து வளர்ந்தவர். "காசு கொடுத்துத் தண்ணி வாங்குறீங்க, கூடவே வயித்துவலியும் வாங்குறீங்க" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார். கணவருக்கு ஆர்ஓ மெஷின் ஆசை, தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கிற வடிகட்டி அது. போன ஞாயிறு ஒரு விற்பனையாளர் வந்து எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு ஸ்விட்ச் போட்டார், இரண்டே நிமிடத்தில் தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. "இதைத்தான் பல் தேய்க்கும்போது விழுங்குகிறீர்கள்" என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் வருகிறது. கீழே சம்ப் (தரைக்கடியில் உள்ள தொட்டி), அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க். சில நாள் பிளீச்சிங் வாடை, சில நாள் மண் வாடை. கேட்க வந்தது இதுதான்: இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா, கேனையே வேறு கம்பெனிக்கு மாற்றுவதா, ஆர்ஓ வாங்குவதா?


மாம்பலம் மாமா:

கொதிக்க வைத்துக் குடியுங்கள் அம்மா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. நான் மேற்கு மாம்பலத்தில் நாற்பது வருடமாக மெட்ரோ தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறேன். 2019 கோடையில் ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது மட்டும் மூன்று மாதம் கேன் வாங்கினோம், அதுவும் கிடைக்காமல் அலைந்து வாங்கினோம். அந்த மூன்று மாதத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை கட்டியது. காரணம் கேன்தான் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் என் வீட்டுக்காரி இன்றுவரை அப்படித்தான் சொல்கிறாள்.

ஒரு பிடி சீரகம் போட்டுக் கொதிக்க வையுங்கள். மண்பானையில் ஊற்றி வையுங்கள். முடிந்தது.


முன்னாள் கேன்காரன்:

நான் இந்தத் தொழிலில் இருந்தவன், செங்குன்றம் தாண்டி ஒரு பிளான்ட்டில் மூன்று வருடம் மெஷின் பார்த்தேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில், கேன் தண்ணீர் என்பது மினரல் வாட்டர் இல்லை. மினரல் வாட்டர் என்றால் ஊற்றிலிருந்து எடுத்து அதன் இயல்பு மாறாமல் அடைப்பது, அதற்குத் தரக் குறியீடே வேறு, ஐஎஸ் 13428. உங்கள் வீட்டுக்கு வருவது பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர், ஐஎஸ் 14543. பெரும்பாலும் போர் தண்ணீர்தான், அதை மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஆர்ஓ, புற ஊதா விளக்கு, கடைசியில் ஓசோன் என்று வரிசையாக விட்டுப் பிடிக்கிறார்கள். ஒழுங்காக நடத்துகிற பிளான்ட்டில் குழாயிலிருந்து கேனுக்குள் விழுகிற அந்த நொடியில் தண்ணீர் சுத்தம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சினை கேன்.

அந்தக் கேன் உங்களுடையது இல்லை. நேற்று யார் வீட்டிலோ, அதற்கு முன்னால் ஏதோ கட்டட வேலை நடக்கிற இடத்திலோ இருந்தது. பெயின்ட் வாடை அடிக்கிற கேன், உள்ளே பீடித் துண்டு கிடக்கிற கேன், இதெல்லாம் திரும்பி வரும். சுடு தண்ணீரும் சோப்புக் கரைசலும் அடித்துக் கழுவி, அலசி, பிறகு நிரப்ப வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்? வெளியே பளபளவென்று துடைத்து, உள்ளே ஒரு அலசு அலசி, மூடி போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் சுருக்கி ஒட்டிவிடுவார்கள். பழைய கேனின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் சொரசொரவென்று கீறல் இருக்கும், பாசி பிடிக்க அந்த இடம் போதும்.

அப்புறம் ஓசோன். அது சில மணி நேரத்தில் போய்விடும். குளோரின் மாதிரி தங்கி நின்று காவல் காக்காது. கார்பன் ஃபில்டரில் குளோரினும் போய்விட்டது. ஆக உங்கள் வீட்டுக்கு வரும்போது அந்தத் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, ஒரு விரல் பட்டாலும் பட்டதுதான். நாலு நாள் கடை வாசலில் வெயிலில் நின்றால் பச்சை பிடிக்காமல் என்ன செய்யும்.

லேபிளில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2020 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொல்லி அனுமதி இல்லாத பிளான்ட்களை வரிசையாகச் சீல் வைத்தார்களே, கேன்காரர்கள் ஸ்டிரைக் பண்ணினார்களே, ஞாபகம் இருக்கிறதா? சீல் வைத்தவற்றிலும் நல்ல லேபிள் ஒட்டிய கேன்கள் இருந்தன. ஐஎஸ்ஐ கட்டாயம் என்பதையே 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள், அடுத்த மாதமே அபாயம் அதிகமுள்ள உணவு வகையில் இதைச் சேர்த்து வருடாவருடம் தணிக்கை என்றார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், 14 இலக்கம் இருக்கும், அதை இணையத்தில் போட்டால் கம்பெனி பெயர் வருகிறதா என்று பாருங்கள். நிரப்பிய தேதி, பேட்ச் எண் கேனில் அச்சாகி இருக்க வேண்டும். மூடியில் கையால் எழுதிய கேனை வாங்காதீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கேனைக் கவிழ்த்து வைக்கிற பபுள் டாப் டிஸ்பென்சர் வைத்திருக்கிறீர்களா? அதைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?


பெரம்பூர்வாசி:

வைத்திருக்கிறோம். பீங்கான் டிஸ்பென்சர், கல்யாணத்துக்கு வந்த பரிசு. கழுவியது... பொங்கலுக்கு முன்னால் என்று நினைக்கிறேன். எந்தப் பொங்கல் என்று மட்டும் கேட்காதீர்கள்.


சுத்தம்சுகம்:

கேனும் வேண்டாம், கொதிக்க வைக்கிற வேலையும் வேண்டாம், ஆர்ஓ வாங்குங்கள். நாங்கள் 2016இல் வாங்கினோம், கேன்காரர் தொல்லை விட்டது. டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள், குழாய்த் தண்ணீர் 380, ஆர்ஓ தண்ணீர் 35. எது சுத்தம் என்று மீட்டரே சொல்கிறது. குழந்தை விஷயத்தில் கஞ்சத்தனம் எதற்கு?


சிராங்கூன் செல்வி:

நான் பதினொரு வருடமாக சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே சமையலறைக் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து அப்படியே குடிக்கிறோம், கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்துதான் வருகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லீவில் சென்னை வந்தால் முதல் நாளே அம்மா கேனைக் காட்டி "குழாய்ப் பக்கம் போகாதே" என்கிறார். அங்கேயும் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, கடல்நீர் ஆலை இருக்கிறது. பிறகு ஏன் நேராகக் குடிக்க முடியவில்லை? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


பைப்லைன் தாத்தா:

முப்பத்து நாலு வருடம் குடிநீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

சிங்கப்பூர் அம்மாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. புழலிலோ கீழ்ப்பாக்கத்திலோ செம்பரம்பாக்கத்திலோ சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியே வரும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததுதான். கெடுவது வழியில். உங்கள் ஊரில் குழாயில் 24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அழுத்தம் இருந்தால் விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசியுமே தவிர வெளியே இருப்பது உள்ளே போகாது. இங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மணி நேரம் விடுகிறோம், மீதி நேரம் குழாய் காலி. காலிக் குழாயில் ஒரு விரிசல் இருந்து, பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் ஓடினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேல் மெட்ரோ லைனிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள், அது சட்டப்படி தப்பு, ஆனால் தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கும். ஒருவர் உறிஞ்சும்போது அந்தத் தெருவுக் குழாய் முழுக்க வெற்றிடம், சுற்றிலும் உள்ள சாக்கடை எல்லாம் உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரி.

நம் நாட்டிலேயே ஒடிசாவில் பூரி நகரத்தில் 2021 ஜூலையிலிருந்து குழாயைத் திறந்து நேராகக் குடிக்கும்படி 24 மணி நேரமும் விடுகிறார்கள். முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது பெரம்பூர் அம்மாவுக்கு. பிளீச்சிங் வாடை வருகிற நாளில் சந்தோஷப்படுங்கள். குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி, அந்த வாடைதான் அந்த மிச்சம். மண் வாடை மட்டும் வருகிற நாள்தான் யோசிக்க வேண்டிய நாள். அதுவும் வாடை எங்கே போகிறது என்று பாருங்கள். தெருவில் வரும்போது இருந்த குளோரின், சம்ப்பில் இருக்கும் சேற்றோடு சண்டை போட்டுத் தீர்ந்துபோகும். மிச்சம் கொஞ்சநஞ்சம் மொட்டைமாடி வெயிலில் போகும். எங்கள் அனுபவத்தில், மெட்ரோ தண்ணீர் சரியில்லை என்று வந்த புகார்களில் தெருக் குழாயில் கோளாறு இருந்தவையும் உண்டு, ஆனால் சம்ப்பைத் திறந்து பார்த்த பிறகு வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டவை அதைவிட அதிகம். உங்கள் சம்ப்பில் மெட்ரோ தண்ணீர் மட்டும்தான் விழுகிறதா? நிறைய வீடுகளில் போர், லாரி, மெட்ரோ மூன்றும் ஒரே சம்ப்பில் விழும். அப்படி இருந்தால் நாம் பேசுகிற கணக்கே மாறும்.

ஆர்ஓ நண்பருக்கு ஒரு வார்த்தை. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பைத்தான் பார்க்கும், கிருமியைப் பார்க்காது. சாக்கடை ஒரு சொட்டு கலந்தாலும் மீட்டரில் எண் அசையாது. இந்தியத் தரவிதி, ஐஎஸ் 10500, டிடிஎஸ் 500 வரை நல்லது என்கிறது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை ஒத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் 380 குடிக்கிற அளவுக்குள்தான் இருக்கிறது. 500க்குக் கீழே உள்ள இடங்களில் வீட்டு ஆர்ஓ வேண்டாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே சொன்னது, ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிறதே என்ற காரணத்தால். நாம் குடத்தோடு நின்ற வருடம் அது.

அந்தக் கம்பி வித்தை இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகிறது, அதுதான் அந்தச் செங்கல் நிறம், உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் அவ்வளவாக ஓடாது, அதனால் நிறம் வராது. அடுத்த தடவை அவர் வந்தால் அவருடைய ஆர்ஓ தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். முகத்தைப் பாருங்கள்.

செலவு செய்வதற்கு முன்னால் சோதனை செய்யுங்கள். எச்2எஸ் பாட்டில் என்று சின்னப் புட்டி விற்கிறது, கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து மூடி வைத்தால் போதும், ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் கழிவுநீர்க் கிருமி இருக்கலாம் என்று பொருள். நாலைந்து வாங்கி, தெருவிலிருந்து சம்ப்பில் விழுகிற இடத்தில் ஒன்று, சம்ப்பில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று, கேன் தண்ணீரில் ஒன்று பிடியுங்கள். இது முதல் கட்டச் சல்லடை மாதிரிதான். ஆய்வக அறிக்கை வேண்டுமென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கேளுங்கள், பாட்டிலை அவர்களிடமிருந்தே வாங்கி, தண்ணீர் பிடித்த சில மணி நேரத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.


தகடூரான்:

எல்லோரும் கொதிக்க வை, கொதிக்க வை என்கிறீர்கள். சென்னைக்குச் சரி. இதை வேறு ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், நான் தர்மபுரி மாவட்டம். எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. என் பல்லைப் பார்த்தாலே நான் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம், பழுப்புக் கோடு கோடாக இருக்கும், என் அக்காவுக்கும் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்ட கதை எல்லாம் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடவே கூடாது என்கிற விஷயம் அது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும், ஆக முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் குடிப்போம். பாட்டி அரை மணி நேரம் கொதிக்க விட்டுச் சுண்ட வைத்துக் கொடுத்தது நல்ல எண்ணத்தில்தான். நைட்ரேட் இருக்கிற கிணற்றுத் தண்ணீருக்கும் இதே கதைதான்.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்த பிறகுதான் ஊரில் சின்னப் பிள்ளைகள் வெள்ளைப் பல்லோடு சிரிக்கிறார்கள். அது வராத பக்கம் இருப்பவர்களுக்கு ஆர்ஓ அவசியம்தான். ஆர்ஓவே மோசம் என்று மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள் தாத்தா.


பைப்லைன் தாத்தா:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. நான் எழுதியது ஏரித் தண்ணீர் குடிக்கிற ஊருக்கு. போர் தண்ணீர் மட்டும் இருக்கிற இடத்தில் முதலில் ஃப்ளோரைடு, நைட்ரேட், உப்பு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களே இருக்கின்றன.


கணக்குப்பிள்ளை:

கொதிக்க வைத்தால் கேஸ் செலவு கேனைவிட அதிகம் என்று ஒரு பேச்சு எங்கள் ஆபீஸில் ஓடியது, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக, அடுப்பில் பாதி சூடு வீண் என்று வைத்துக்கொண்டால்கூடக் கால் கிலோ கேஸ் ஆகிறது. 14.2 கிலோ சிலிண்டர் 870 ரூபாய் என்று வைத்தால் 15, 16 ரூபாய். உங்கள் கேன் மாடிக்கூலியோடு 40. சமைக்கிற தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைக்க வேண்டியதே இல்லை, அது எப்படியும் அடுப்பில் கொதிக்கத்தான் போகிறது. குடிக்க ஒரு நாளைக்கு 8 லிட்டர் என்றால் மாதம் 3 கிலோ கேஸ், 190 ரூபாய்க்குள். இப்போது நீங்கள் கேனுக்குக் கொடுப்பது 640.

மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள், இன்னும் குறையும். குமிழி பொங்கி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும், அதற்குமேல் கொதிப்பது ஆவிக்குத்தான்.


சுத்தம்சுகம்:

சரி, கம்பி விஷயம் எனக்குத் தெரியாது. என்னிடமும் அப்படிக் காட்டித்தான் விற்றார்கள். நேற்று இரவு பழைய சார்ஜர் ஒயரில் இரும்பு ஆணிகளை மாட்டி நானே உப்பு போட்டுச் செய்து பார்த்தேன். என் ஆர்ஓ தண்ணீரும் அதே நிறம் வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.


பெரம்பூர்வாசி:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். தாத்தா சொன்னபடி செய்தோம், ஒன்று கூடவே செய்தோம்.

ஆறு புட்டிகள் வாங்கினேன். தெருவிலிருந்து சம்ப்பில் விழுகிற தண்ணீர், சம்ப், சமையலறைக் குழாய். அப்புறம் கேனில் இரண்டு: புதுக் கேனின் சீலைப் பிரித்தவுடன் நேராகச் சாய்த்துப் பிடித்தது ஒன்று, அதே கேனை டிஸ்பென்சரில் கவிழ்த்து அதன் குழாயில் பிடித்தது ஒன்று. ஆறாவது மாமியாரின் செம்புக் குடம், அவர் கேட்டதற்காக.

மறுநாள் காலையில் முதலில் கறுத்தது எது தெரியுமா? டிஸ்பென்சர். சாயங்காலத்துக்குள் சம்ப், அதற்கு அடுத்த நாள் சமையலறைக் குழாய். தெருத் தண்ணீர் கறுக்கவே இல்லை. சீல் பிரித்த கேனும் கறுக்கவில்லை. செம்புக் குடமும் இல்லை, அதைப் பற்றி இந்த வீட்டில் இன்னும் ஒரு வருடம் பேசுவார்கள்.

டிஸ்பென்சரின் குழாயைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே கறுப்பாக வழவழவென்று ஒட்டியிருந்தது, விவரிக்க மாட்டேன். இத்தனை நாளும் என் குழந்தைக்கு இதன் வழியாகத்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது. டாக்டர் ஏன் சிரித்தார் என்று இப்போது புரிகிறது.

சம்ப் அதைவிட மோசம். மூடி தரை மட்டத்தில் இருக்கிறது, அதிலிருந்து நாலடி தூரத்தில் டிரெய்னேஜ் சேம்பர். மூடியின் ஓரத்தில் அந்தப் பக்கம் பார்த்து ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விரிசல், மழை பெய்தால் வாசல் தண்ணீர் முழுக்க அதற்குள்தான் போகும். எப்போது கழுவியது என்று வீட்டு உரிமையாளரைக் கேட்டால் அவர் வேறு ஒரு பொங்கலைச் சொல்கிறார். ஆறு வீட்டுக்காரர்களும் பாதி, உரிமையாளர் பாதி என்று பேசி முடித்தோம். இரண்டு ஆட்கள் வந்து முழங்கால் அளவு சேற்றை அள்ளி, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துப் பூசி, அலசி விட்டார்கள். மூடியைச் சுற்றி அரை அடி உயரத்துக்குச் சிமென்ட் கட்டிவிட்டோம். மொட்டைமாடி டேங்கும் கழுவியாயிற்று. மறுபடி சோதித்ததில் சமையலறைக் குழாய் மூன்றாவது நாள் வரை கறுக்கவில்லை. கேனை நிறுத்திவிட்டு இப்போது அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம்.

தரைத்தளத்து வீட்டில் லைனில் நேராக மோட்டார் மாட்டியிருக்கிறார்கள் என்பதும் இதில்தான் தெரியவந்தது. அதை எப்படி அவர்களிடம் சொல்வது என்று தெரியவில்லை, அவர்கள் வீட்டுப் பெண்ணும் என் பையனும் ஒரே பள்ளி.


பைப்லைன் தாத்தா:

நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. ஆளை இறக்குவதற்கு முன்னால் சம்ப் மூடியைத் திறந்து வைத்துக் காற்றாட விட்டீர்களா? மூடிய தொட்டிக்குள் திடீரென்று இறங்கி மூச்சுத் திணறிச் செத்தவர்கள் உண்டு, அடுத்த தடவை மறக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுவுங்கள். தண்ணீர் விடுகிற அன்று முதலில் வருகிற நாலைந்து குடத்தைச் சம்ப்பில் விடாமல் வாசல் தெளிக்க, செடிக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள், காலிக் குழாயில் தேங்கிய அழுக்கு அதில்தான் வரும். வாடையே இல்லாத நாளில் ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பாக்கெட் பழையதாகி வாடை போயிருந்தால் அது வெறும் சுண்ணாம்பு, பிரயோஜனம் இல்லை.

சம்ப் சுத்தமாகிவிட்டது என்று கொதிக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள், மழைக்காலத்தில் தெருத் தண்ணீரை நானே நம்பமாட்டேன். கொதித்ததைப் பானையில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொள்ளக் கூடாது, அப்படிச் செய்தால் இவ்வளவும் வீண். குழாய் வைத்த பானை வாங்குங்கள், அந்தக் குழாயை வாரம் ஒரு தடவை கழற்றிக் கழுவுங்கள்.

தரைத்தளத்துக்காரர்களிடம் சண்டை வேண்டாம். சோதனைப் புட்டி ஒன்றை அவர்கள் வீட்டுக் குழாய்க்கும் வாங்கிக் கொடுங்கள்.


சிராங்கூன் செல்வி:

விளக்கத்துக்கு நன்றி சார். அடுத்த மாதம் வருகிறேன். முதல் வேலையாக அம்மாவின் டிஸ்பென்சர் குழாயைக் கழற்றப் போகிறேன், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லப்போவதில்லை.


முன்னாள் கேன்காரன்:

வெளியே போகும்போது மட்டும் பாட்டில் வாங்குவீர்கள் அல்லவா, குடித்து முடித்ததும் நசுக்கிவிட்டுப் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது பொறுக்கி, எங்கேயோ பிடித்த தண்ணீரை நிரப்பி மறுபடி விற்பார்கள். வாங்கும்போதும் மூடியைத் திருகினால் வளையம் படபடவென்று தெறிக்க வேண்டும், சத்தமில்லாமல் திறந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அதே பாட்டிலை மாதக்கணக்கில் ஃபிரிட்ஜில் வைத்து நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கு எவர்சில்வர் பாட்டிலே மேல்.

அது சரி, கேனை நிறுத்திவிட்டீர்களே, இரண்டு கேனுக்கும் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கினீர்களா? ஏழு வருடத்துக்கு முன்னால் கொடுத்ததை எல்லோரும் மறந்துவிடுவார்கள், கடைக்காரர்கள் அதை நம்பித்தான் இருப்பார்கள்.


பெரம்பூர்வாசி:

கேட்டேன். கேன் ஒன்றுக்கு 150, மொத்தம் 300. "நாளைக்குத் தரேன்க்கா" என்கிறான். இன்றோடு ஆறாவது நாளை.